டயரை மாற்றியதும் சேலம் ஒன்பது கிலோமீட்டர் பக்கத்தில் வந்துவிட்டதா?

வாசகர் கேள்வி: அண்ணா, வணக்கம். பெங்களூர் கே.ஆர். புரத்தில் இருக்கிறேன். என்னிடம் 2020 மாடல் ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ. கம்பெனி கொடுத்த 14 இன்ச் இரும்பு ரிம்மை எடுத்துவிட்டு 15 இன்ச் அலாய் போட்டேன், டயர் 205/65 ஆர்15. "ரோட்டில் இருக்கிற பள்ளத்துக்குப் பெரிய டயர்தான் சரி, மீட்டருக்கும் டயருக்கும் சம்பந்தமே இல்லை" என்று கடையில் சொன்னார்கள். அதற்கப்புறம் எல்லாமே குழப்பம். சேலத்தில் அம்மா வீட்டுக்குப் போனால் முன்பெல்லாம் 205 கிலோமீட்டர் காட்டும், இப்போது 196 காட்டுகிறது. முள் 100-இல் நிற்கும்போது போனில் ஜிபிஎஸ் வேகம் முன்பு 95 வரும், இப்போது 99 வருகிறது. மைலேஜ் 20 கொடுத்த வண்டி 18 கொடுக்கிறது. மைசூர் நெடுஞ்சாலையில் எப்போதும் போல முள்ளை 110-இல் வைத்துத்தான் போனேன், 109 என்று சலான் வந்துவிட்டது, இதுவரை ஒரு தடவைகூட வந்ததில்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன்பக்கம் கரகர என்று சத்தம் வேறு. மீட்டர் கெட்டுப்போய்விட்டதா? அதை செட் பண்ண முடியுமா?

பதில்:

தம்பி, மீட்டர் கெடவில்லை. இன்னும் சொல்லப்போனால், வண்டி வாங்கின நாளிலிருந்து உங்கள் ஸ்பீடோமீட்டர் இப்போதுதான் கிட்டத்தட்ட உண்மையைச் சொல்கிறது. உங்களுக்கு சலான் வந்ததும் அதனால்தான். கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அல்சூரில் இருக்கிற எங்கள் அலைன்மென்ட் கடைக்கு வருகிற பாதிப் பேருக்கு இதே சந்தேகம்தான், அவர்களிடமும் யாரோ "சம்பந்தமே இல்லை" என்று சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஸ்பீடோமீட்டர் வேகத்தை அளப்பதில்லை. சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை மட்டும்தான் எண்ணுகிறது. ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று கம்பெனியில் ஒரு எண்ணை உள்ளே பதித்து அனுப்பிவிடுகிறார்கள், அதை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். பூக்காரம்மா முழம் போடுகிற மாதிரி. கை நீளமான அம்மா பத்து முழம் போட்டால் பூ கூட வரும், ஆனால் வெளியே கேட்டால் பத்து முழம் என்றுதான் சொல்வார். உங்கள் காரின் கை இப்போது நீண்டுவிட்டது, மீட்டருக்கு அது தெரியாது, பழைய முழக் கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

பழைய மாருதி 800 மாதிரி வண்டிகளில் கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் வந்து மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும், அந்தக் காந்தம் பக்கத்தில் இருக்கிற அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும், கிண்ணத்தோடு முள் நகரும். 1902-இல் ஜெர்மனியில் ஓட்டோ ஷூல்ட்சே என்பவர் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு அது, நூறு வருஷம் உலகம் முழுக்க அப்படியே ஓடியது. இப்போது கேபிள் போய் சென்சார் வந்துவிட்டது. கியர்பாக்ஸிலோ, ஏபிஎஸ்ஸுக்காக (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கிற ஏற்பாடு) ஒவ்வொரு சக்கரத்திலுமோ இருக்கிற சென்சார் துடிப்புகளை எண்ணி அனுப்புகிறது. ஆனால் கேபிள் காலமோ சென்சார் காலமோ, வெளியே என்ன டயர் மாட்டியிருக்கிறது என்று மீட்டருக்குத் தெரிய வழியே இல்லை.

சரி, உங்கள் கை எவ்வளவு நீண்டது என்று பார்ப்போம். டயர் ஓரத்தில் எழுதியிருக்கிற எண்ணை வைத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம். உங்கள் பழைய டயர் 165/80 ஆர்14. 165 என்பது அகலம், மில்லிமீட்டரில். 80 என்றால் சைடுவால், அதாவது ரிம்முக்கும் தரைக்கும் நடுவே தெரிகிற ரப்பர் சுவர், அதன் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 264. நடுவில் ரிம் 14 இன்ச், இன்ச்சுக்கு 25.4 வீதம் 355.6. மொத்த உயரம் 619.6 மி.மீ.

புதியது 205/65 ஆர்15. சைடுவால் 133.25, இரண்டு பக்கமும் சேர்த்து 266.5. ரிம் 381. மொத்தம் 647.5.

இதில் ஒரு விஷயம் கவனித்தீர்களா? சைடுவால் 132-க்கு 133, ஒரே உயரம்தான். ரிம்மை மட்டும் ஒரு இன்ச் ஏற்றியிருக்கிறீர்கள், அந்த ஒரு இன்ச் அப்படியே மொத்த உயரத்தில் ஏறிவிட்டது. ரிம்மை ஒரு இன்ச் ஏற்றினால் சைடுவாலை மேலேயும் கீழேயும் அரை அரை இன்ச் இறக்க வேண்டும், அப்போதுதான் வெளிச்சுற்று பழையபடி இருக்கும். கம்பெனியே அதைத்தான் செய்கிறது. உங்கள் ஸ்விஃப்ட்டின் மேல் வேரியன்ட்டான இசட்எக்ஸ்ஐக்கு 15 இன்ச் ரிம்மில் 185/65 டயர் வரும், கணக்குப் போட்டுப் பாருங்கள், 621.5 வருகிறது. உங்கள் 14 இன்ச் டயருக்கும் அதற்கும் இரண்டு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. அதனால்தான் இரண்டு வேரியன்ட்டுக்கும் மீட்டர் கணக்கு ஒத்துப்போகிறது. இதைப் பார்த்து அந்தக் கடைக்காரர் டயர் கொடுத்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

619.6-க்கும் 647.5-க்கும் வித்தியாசம் 28 மி.மீ., சதவீதத்தில் 4.5. ஒரு கிலோமீட்டர் போக உங்கள் பழைய டயர் சுமார் 514 சுற்று சுற்றும், புதுசுக்கு 492 போதும். (வண்டியின் எடையில் டயர் கொஞ்சம் அமுங்குவதால் நிஜத்தில் இரண்டுமே சற்றுக் கூடும், ஆனால் விகிதம் மாறாது.) 22 சுற்று குறைந்ததை மீட்டர் "தூரம் குறைந்தது" என்று எடுத்துக்கொள்கிறது. 205-ஐ 1.045-ஆல் வகுங்கள், 196 வரும். சேலம் நகரவில்லை, உங்கள் அம்மா வீடும் அங்கேயேதான் இருக்கிறது.

இப்போது அந்த 95 விஷயம். முள் 100 காட்டும்போது முன்பு நிஜ வேகம் 95 என்று எழுதியிருக்கிறீர்களே, அது பழுது இல்லை, வேண்டுமென்றே வைத்தது. ஸ்பீடோமீட்டருக்கென்று ஐ.நா.வின் 39-ஆம் எண் விதி ஒன்று இருக்கிறது, பல நாடுகள் அதைப் பின்பற்றுகின்றன. நிஜ வேகத்தைவிடக் குறைவாக முள் காட்டவே கூடாது, கூடுதலாகக் காட்டலாம், அதுவும் நிஜ வேகத்தில் 10 சதவீதத்தோடு இன்னொரு 4 கி.மீ. வரை. அதாவது நீங்கள் 100-இல் போகும்போது முள் 114 காட்டினாலும் விதிப்படி சரி, 99 காட்டினால் தப்பு. டயர் தேய்வது, புதுசு போடுவது, காற்று ஏறி இறங்குவது எல்லாவற்றுக்கும் இடம் விட்டு, கார் கம்பெனிகள் முள்ளைக் கொஞ்சம் தூக்கியே வைக்கின்றன.

நீங்கள் அந்த இடத்தைத்தான் சாப்பிட்டுவிட்டீர்கள். 95-ஐ 1.045-ஆல் பெருக்கினால் 99.3. நீங்கள் போனில் பார்த்த 99 அதுதான். முன்பு முள் 110-இல் இருந்தபோது நிஜத்தில் 104, 105-இல் போய்க்கொண்டிருந்தீர்கள், கேமரா அதைக் கண்டுகொள்ளவில்லை. இப்போது அதே முள், அதே 110, நிஜ வேகம் 109. மைசூர் நெடுஞ்சாலையில் காருக்கு வரம்பு 100 என்பது உங்களுக்கே தெரியும். கேமரா உங்கள் சக்கரத்தை எண்ணுவதில்லை, வண்டி நகர்வதை நேரடியாக அளக்கிறது. டயர்மேல் பழி போட்டு வாதாட இதில் ஒன்றும் இல்லை தம்பி, பழைய டயரிலும் நீங்கள் வரம்பைத் தாண்டித்தான் போயிருக்கிறீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 183-ஆம் பிரிவுப்படி காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். கட்டிவிடுங்கள்.

ஒருவேளை இன்னும் பெரிய டயர் போட்டிருந்தால் முள் நிஜத்தைவிடக் குறைவாகக் காட்ட ஆரம்பித்திருக்கும். அதுதான் உண்மையிலேயே ஆபத்தான பக்கம். 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்களில் 80-ஐத் தாண்டினால் நிமிஷத்துக்கு ஒரு பீப், 120-ஐத் தாண்டினால் விடாமல் பீப் வருகிறதே, உங்கள் வண்டியிலும் இருக்கும், அந்தச் சத்தமும் இதே சக்கரக் கணக்கை நம்பித்தான் வருகிறது. பெரிய டயரில் அது உங்களைத் தாமதமாகத்தான் எச்சரிக்கும்.

மைலேஜுக்கு வருவோம். டேங்க் நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பார்த்து, போட்ட லிட்டரால் வகுத்துத்தானே 18 என்கிறீர்கள்? அந்த ட்ரிப் மீட்டரே நாலரை சதவீதம் குறைத்துச் சொல்கிறது. 18-ஐ 1.045-ஆல் பெருக்குங்கள், 18.8. ஆக, இரண்டு கிலோமீட்டர் குறைந்தது என்று நினைக்கிறீர்கள், அதில் 0.8 வெறும் கணக்குப் பிழை, வண்டி நிஜமாகக் குறைத்தது 1.2. அது ஏன் என்றால் அகலமான டயர், கனமான டயர், சாலையோடு இழுவை அதிகம். அதோடு பெரிய சக்கரம் என்பது எல்லா கியரையும் கொஞ்சம் உயர்த்தின மாதிரி. சில்க் போர்டு சிக்னலில் முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு ஊர்ந்து போகும்போது கிளட்ச்சை முன்பைவிட அதிகம் மிதிக்கிறீர்களா இல்லையா, யோசித்துப் பாருங்கள். பிரேக்கும் அதே அளவுதான் இருக்கிறது, பிடிக்க வேண்டிய சக்கரம்தான் பெரிதாகிவிட்டது.

கரகர சத்தம் எனக்கு மீட்டரைவிடப் பெரிய கவலை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து நிறுத்திவிட்டு, டார்ச் அடித்து முன் சக்கரத்துக்குப் பின்னால், மட்கார்டுக்கு உள்ளே இருக்கிற கறுப்பு பிளாஸ்டிக் லைனரைப் பாருங்கள். அழுக்குப் படிந்த இடத்தில் ஒரு பட்டை மட்டும் துடைத்து வைத்த மாதிரி பளபளவென்று இருந்தால் டயர் அங்கேதான் உரசுகிறது. டயர் ஓரத்திலும் விரலால் தடவினால் ரப்பர் சொரசொரப்பாகச் சுருண்டிருக்கும். நீங்கள் தனியாக ஓட்டும்போது ஒடிக்கிற நேரத்தில் மட்டும் உரசும். நாலு பேர், பின்னால் அரிசி மூட்டை, தேங்காய் என்று ஏற்றிக்கொண்டு சேலத்திலிருந்து திரும்பி வரும்போது ஒரு வேகத்தடையில் விழுந்தால், நேராகப் போகும்போதே உரசும். இதற்கு ஸ்பிரிங்கை ஏற்றுகிறேன், லைனரை வெட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பள்ளத்துக்குப் பெரிய டயர் நல்லது என்று சொன்னார்களே, அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்களுக்குக் கிடைத்தது என்ன? 28 மி.மீ. உயரத்தில் பாதி, 14 மி.மீ. தரையிலிருந்து கூடியிருக்கிறது. பள்ளத்தில் ரிம்மைக் காப்பாற்றுவது சைடுவால் உயரம், அது உங்களுக்குக் கூடவே இல்லை. நம் ஊர் பள்ளத்துக்கு உங்கள் பழைய 14 இன்ச் டயர் ஒன்றும் மோசமில்லை, சொன்னால் யாரும் நம்புவதில்லை, அலாய் பார்க்க அழகாக இருக்கிறதே.

சரி, மீட்டரை செட் பண்ண முடியுமா என்று கேட்டீர்கள். கேபிள் காலத்தில் கியர்பாக்ஸில் மீட்டருக்கான சின்னப் பல்சக்கரத்தை மாற்றிச் சரிசெய்வார்கள். இப்போது அந்த எண் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது, சில விலை உயர்ந்த கார்களில் டயர் அளவை மாற்றிக் கொடுக்க வழி வைத்திருக்கிறார்கள், உங்கள் வண்டிக்கு அந்த வழியில் போகாதீர்கள். மீட்டர் போர்டைக் கழற்றி சரிபண்ணித் தருகிறேன் என்று யாராவது வந்தால் கொடுக்கவே கொடுக்காதீர்கள், ஓடின கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டுகிறவர்களும் அதே போர்டில்தான் கைவைக்கிறார்கள், நாளைக்கு வண்டியை விற்கும்போது உங்கள்மேல்தான் சந்தேகம் வரும்.

மாற்ற வேண்டியது டயரைத்தான். அலாய் இருக்கட்டும், அதே ரிம்மில் 185/65 ஆர்15 போடுங்கள். சுமை எண் 88 என்று டயரில் போட்டிருக்கும், ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்று அர்த்தம், அதற்குக் குறைந்ததை வாங்காதீர்கள். கொஞ்சம் அகலம் வேண்டும் என்று அடம் பிடித்தால் 195/60 ஆர்15 போடலாம், மொத்த உயரம் 615 வரும், முக்கால் சதவீதம்தான் குறைவு, ஆனால் சைடுவால் 117-க்கு இறங்கிவிடும், பிறகு ரிம் வளைந்துவிட்டது என்று எழுதாதீர்கள். 195/65 வேண்டுமென்று நிறையப் பேர் கேட்கிறார்கள், அது 2.4 சதவீதம் கூடும், முள் இன்னும் பாதுகாப்பான பக்கம்தான் இருக்கும், இருந்தாலும் நான் என் கையால் போட்டுக் கொடுப்பது இரண்டு சதவீதத்துக்குள்தான்.

சட்டமும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அளவிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. விபத்து ஏதாவது நடந்து இன்ஷூரன்ஸ் கேட்கும்போது, அந்த மாடலுக்குக் கம்பெனியே கொடுக்கிற டயர் அளவு என்றால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

டயர் மாற்றினதும் ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள். சேலம் போகும்போது கிருஷ்ணகிரி தாண்டி நேரான, மேடு பள்ளம் இல்லாத இடமாகப் பார்த்து முள்ளை 80-இல் நிலையாக வையுங்கள், ஒரு அரை நிமிஷமாவது அசையாமல் போகவேண்டும், பக்கத்தில் இருப்பவர் போனில் ஜிபிஎஸ் வேகத்தைப் பார்க்கட்டும், நீங்கள் பார்க்காதீர்கள். வேகம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஜிபிஎஸ் ஒரு நொடி பின்தங்கும், மேம்பாலத்துக்கு அடியில் தடுமாறும், தொப்பூர் இறக்கத்தில் இந்த வேலையே வேண்டாம். போன் இல்லாமலும் பார்க்கலாம், சாலையோரக் கிலோமீட்டர் கல் இரண்டுக்கு நடுவே 45 விநாடி ஆனால் நிஜ வேகம் 80, 36 விநாடி ஆனால் 100. ஆனால் டயர் அளவு சரியா என்று பார்க்க வேகத்தைவிட தூரம்தான் நம்பகமானது, ஏனென்றால் முள்ளை வேண்டுமென்றே தூக்கி வைக்கிற கம்பெனி ஓடோமீட்டரை அப்படித் தூக்கி வைப்பதில்லை. பத்து கிலோமீட்டர் கல் தாண்டிப் போய் ட்ரிப் மீட்டர் பத்துக்குப் பக்கத்தில் காட்டினால் முடிந்தது.

இன்னொன்று, புது டயர் போட்ட கொஞ்ச நாளைக்கு முள்ளுக்கும் போனுக்கும் இடைவெளி குறைந்த மாதிரி தெரியும், பயப்படாதீர்கள். புது டயரில் பட்டன் ஆழம், அதாவது தரையில் படுகிற பக்கத்தில் இருக்கிற வெட்டுகளின் ஆழம், சுமார் 8 மி.மீ. இருக்கும், 1.6-க்குத் தேய்ந்தால் மாற்றியாக வேண்டும். அந்தத் தேய்மானமே மொத்த உயரத்தில் கிட்டத்தட்ட 13 மி.மீ., அதாவது இரண்டு சதவீதம். மொட்டை டயரில் முள் கூடுதலாகக் காட்டும், புதுசில் குறையும், இரண்டுமே இயல்புதான். காற்றைக் குறைத்தால் மீட்டர் மாறுமா என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள், ரேடியல் டயருக்குள் எஃகுப் பட்டை இருப்பதால் சுற்றளவு அவ்வளவாக மாறாது. ஆனால் அந்தச் சின்ன வித்தியாசத்தை ஏபிஎஸ் சென்சார் கண்டுபிடித்துவிடும், சில கார்களில் தனி சென்சார் இல்லாமலே காற்றுக் குறைவு விளக்கு எரிவது அப்படித்தான்.

அந்த 205 டயர்களைத் தூக்கிப் போடாதீர்கள். 205/65 ஆர்15 பழைய இன்னோவாவின் அளவு, பெங்களூரில் இன்னும் எத்தனையோ டாக்ஸி அதில் ஓடுகிறது, நல்ல விலைக்குப் போகும். விற்பதற்கு முன்னால் டயர் ஓரத்தில் நாலு இலக்கமாகத் தயாரிப்புத் தேதி இருக்கும், பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், 3223 என்றால் 2023-இல் 32-ஆவது வாரம். வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.